வாடைக்குப் பூசிய கிரீஸ்

"இந்தப் புத்தகத்தை எழுதின மனுசன் எந்த ஊராம், தங்கச்சி?"

ஏணியின் மேல் நின்றபடி வின்சன்ட் கேட்டார். கீழே கதிரையில் இருந்த நிருஜா, மடியில் விரித்திருந்த விமானப் பராமரிப்புப் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அமெரிக்கா, அண்ணா. நடுப்பகுதி. பக்கத்தில கடல் இல்லை."

"பாத்தீங்களே! கடலைக் காணாத மனுசன். உப்பு எண்டால் கறிக்குப் போடுறது எண்டு மட்டும்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். சரி, திரும்ப ஒருக்கா வாசியுங்கோ."

நிருஜா ஆங்கில வரியை மனதுக்குள் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். "ஃபிளாப்பின்ர உருளை ஓடுற தடத்தை உலர்ந்த துணியால துடைக்க வேணும். தடத்துக்குள்ள எண்ணெயோ கிரீஸோ பூசக் கூடாது."

"ஏனாம்?"

"ஏனெண்டு எழுதேல்ல."

"அதுதான் பிழை. செய்யாதே எண்டு சொல்லுறவை ஏனெண்டும் சொல்ல வேணும். எங்கட கோயில் சுவாமியும் இப்பிடித்தான். பிரசங்கத்தில ஒரு நாளும் காரணம் வராது."

நிருஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு, அண்ணா."

"ஓம், ஓம். புத்தகம் சொன்னால் சரி. கடல் உப்போட வாடைக் காத்து தொடங்கட்டும். தடம் என்ன சொல்லுதெண்டு பாப்பம்."

அவள் அடுத்த வரிக்குப் போனாள். அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பேச்சைப் பின்னால் எத்தனையோ தரம், சொல்லுக்குச் சொல் அதே ஒழுங்கில், அவள் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அது ஒரு கார்த்திகை மாதம். சீனக்குடா ஓடுபாதையின் ஓரத்தில், விமானம் நிறுத்தித் திருத்தும், தகரக் கூரை போட்ட ஹாங்கர் ஒன்றில் நிருஜா பதிவேடுகளைப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காலையில் நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் பட்டினம் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து வருவாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் ஆங்கிலம். இரண்டு மொழி படித்தவள் இரண்டிலும் கதைக்காமல் இருக்கப் பழகிவிட்டாள் என்று வின்சன்ட் பகிடி பண்ணுவார். அவள் அதற்கும் பதில் சொல்ல மாட்டாள்.

நிறுவனம் சிறியது. அதனிடம் ஆறு பேர் ஏறக்கூடிய இரட்டை எஞ்சின் விமானங்கள் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை. ஹாங்கரில் எல்லோரும் அவற்றை மூத்தது, இளையது என்றே சொல்வார்கள். ஹோட்டலுக்கு வரும் வெளிநாட்டவரை ஏற்றி இறக்குவதுதான் பெரும்பாலும் வேலை. இடைக்கிடை அவசர நோயாளியையும் கொழும்புக்குக் கொண்டுபோவார்கள்.

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்னோரத்தில் இருக்கும் நீளமான தகடு. விமானம் இறங்கும் நேரத்தில் அது உருளைகளில், ஒரு தடத்தின் வழியே பின்னுக்கு நகர்ந்து கீழே சரியும். வேகம் குறைந்த பிறகும் விமானத்தை விழவிடாமல் தாங்குவது அதுதான். வயிற்றுப் பகுதியில் இருக்கும் ஒரு சிறிய மோட்டார், இரண்டு பக்கத்துத் தகடுகளையும் ஒன்றாக இறக்கும், ஒன்றாக ஏற்றும். அந்த 'ஒன்றாக' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு பக்கம் முழுதாக இறங்கி மறுபக்கம் பாதியில் நின்றால், விமானம் நின்றுபோன பக்கமாகச் சரிந்து உருளப் பார்க்கும். நிலத்துக்குக் கிட்ட அப்படி நடந்தால் விமானிக்கு யோசிக்க நேரம் இருக்காது.

வின்சன்டுக்கு நாற்பது வயது நடந்துகொண்டிருந்தது. சாம்பல்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தினார், பிறகு நிலாவெளி ஹோட்டல்களின் படகு எஞ்சின்கள். அங்கே அவருடைய வேலையைக் கண்ட ஒருவர் சீனக்குடாவுக்குக் கூட்டிவந்து விமானம் கழுவ விட்டார். கழுவிய இடத்திலிருந்து பதினொரு வருடத்தில் அவர் இறக்கைக்குள் கைவைக்கும் இடத்துக்கு வந்திருந்தார். காதால் எஞ்சினின் குறையைச் சொல்வார். ஆங்கில எழுத்தும் இலக்கமும் வாசிப்பார். நீண்ட வசனம் வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு நிருஜாவைப் பார்ப்பார்.

கிரீஸ் அவருக்கு ஒரு வியாதி. கைக்கு எட்டிய தூரத்தில் இரும்பு எதுவும் உலர்ந்து கிடக்கக் கூடாது. ஹாங்கரின் வாசற்கதவு, சைக்கிள் சங்கிலி, கோயில் மணியின் கொளுக்கி, எல்லாவற்றிலும் அவருடைய விரல் பட்டிருந்தது. மனைவி ஜெயரூபியின் தையல் மெசினையும் விட்டுவைக்கவில்லை. கோயிலில் பிள்ளை முதல் நன்மை வாங்குவதற்கென்று யாரோ தைக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டையின் நெஞ்சிலேயே கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. மெசினுக்குக் கிட்ட வந்தால் கையை முறிப்பேன் என்று ஜெயரூபி சத்தியம் செய்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு என்பது ஹாங்கரில் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அவருடைய தகப்பனின் வள்ளம் ஒரு மார்கழியில் கரைக்கு வந்தபோது எஞ்சினைத் தூக்க முடியாமல் போனது. எஞ்சின் நிமிர்வதற்கு அச்சாக இருக்கும் ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. விசிறி மணலில் குத்த, வள்ளம் குறுக்கே திரும்பி, அடுத்த அலையில் கவிழ்ந்தது. தகப்பனின் இடுப்பு நொறுங்கியது. அந்த மனிதர் பிறகு கடலுக்குப் போகவில்லை. இவ்வளவும் வின்சன்ட் சொன்னதுதான். இதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. பதினொரு வருடப் பதிவேடுகளில் அவருடைய பெயர் எங்கும் இல்லை. வேலையைச் செய்தது அவராக இருந்தாலும், அனுமதி பெற்ற பொறியியலாளர் ஸைனுலாப்தீன்தான் ஒவ்வொரு வேலைப் பத்திரத்திலும் கையெழுத்து வைப்பார். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஸைனுலாப்தீன் நல்ல மனிதர். வின்சன்ட் அவரை அண்ணன் முறையில் 'நாநா' என்றே கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் தொப்பியைக் கழற்றி மேசையில் அடிப்பார். ஒருநாள் வின்சன்ட் நிருஜாவின் அலுமாரியைத் திறந்து, கோப்புகளின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

"நான் இஞ்ச வேலை செய்தனான் எண்டதுக்கு இதில ஒரு சாட்சியும் இல்லை, தங்கச்சி. நாளைக்கு நான் செத்தால், வின்சன்ட் எண்டு ஒருத்தன் ஹாங்கரில தேத்தண்ணி குடிச்சவன் எண்டுதான் சொல்லுவினம்."

அந்த ஐப்பசியில் அதற்கு ஒரு வழி பிறந்திருந்தது. சிறிய வேலைகளுக்குத் தானே கையெழுத்து வைக்கும் அனுமதியை நிறுவனம் அவருக்குக் கொடுக்கலாம் என்று ஸைனுலாப்தீன் கடிதம் எழுதினார். அடுத்த ஆனியில் ஒரு திங்கட்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரிகள் இருவர் வந்து கேள்வி கேட்பார்கள். நிருஜா மொழிபெயர்க்கலாம். இதற்காகத்தான் கார்த்திகை தொடங்கி இருவரும் புத்தகத்தை வரி வரியாக வாசித்து வந்தார்கள்.

இடையில், தை மாதத்தில், வாடை உரத்து வீசிய ஒரு முற்பகலில் நிருஜா ஒன்றைக் கண்டாள். மூத்ததின் இடது இறக்கைக்குக் கீழே ஏணி நின்றது. ஏணிப்படியில் நீல மூடி போட்ட ஒரு சின்ன டின். ஹாங்கர் களஞ்சியத்து டின் அல்ல, வள்ளக்காரர் வாங்கும் கிரீஸ் டின். வின்சன்டின் கை முழங்கைவரை ஃபிளாப்புக்குள் இருந்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பிடிபட்ட பிள்ளை மாதிரிச் சிரித்தார். கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் வசனத்தை மனதுக்குள் கட்டி முடித்துத்தான் வாயைத் திறப்பவள். கட்டி முடிப்பதற்குள் உள்ளே தொலைபேசி அடித்தது. போய்விட்டாள். வேலைப் பத்திரத்தில் அன்று "தடம் துடைக்கப்பட்டது" என்று மட்டுமே இருந்தது.

வாடை போனது. தடத்தில் துரு இல்லை, உப்பு அரித்தால் வரும் வெண்பூவும் படியவில்லை. வின்சன்ட் உள்ளூரச் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு கச்சான் வந்தது. கடலிலிருந்து அல்லாமல் தரையிலிருந்து வீசும் காற்று அது. உப்பைக் கொண்டுவராது, மண்ணைக் கொண்டுவரும். ஓடுபாதையைச் சுற்றிய காய்ந்த நிலம் முழுக்க எழும்பி ஹாங்கருக்குள் வந்து இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை மூடி வைத்தாலும் கடைசி மிடறு பல்லில் நறநறத்தது.

கொழும்புக்காரர் வரவிருந்த திங்களுக்கு முந்திய வியாழன் காலை, மூத்தது நாலு பயணிகளோடு வெளிக்கிட ஆயத்தமாக நின்றது. விமானி வழமைபோல் ஃபிளாப்பை இறக்கிப் பார்த்தார். வின்சன்ட் வெளியே பின்னால் நின்று பார்த்தார். வலதுபக்கம் முழுதாக இறங்கியது. இடதுபக்கம் பாதியில் நடுங்கி நின்றது. அடுத்த கணமே வின்சன்ட் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஓடினார். எஞ்சின்கள் நின்றன. பயணிகளை இறக்கி ஹோட்டல் வானில் திருப்பி அனுப்பினார்கள்.

ஸைனுலாப்தீன் தடத்துக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் மண்ணிறக் களி.

"மணல்," என்றார். "இந்தக் கச்சான் போற போக்கில எங்கட மூளைக்குள்ளயும் மணல்தான் இருக்கும். நிருஜா, எழுதுங்க. இடது ஃபிளாப் தடத்தில மணல். கழுவித் துடைச்சாச்சு. பத்துத் தரம் இறக்கி ஏத்திப் பாத்தாச்சு, சரி. வேலை முடிஞ்ச பிறகு நான் வந்து கையெழுத்து வைக்கிறன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பாதிதான் அவருக்குத் தெரிந்திருந்தது. நிருஜா வின்சன்டைப் பார்த்தாள். வின்சன்ட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துடைத்து முடிக்கப் பன்னிரண்டரை ஆனது. வின்சன்ட் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். சாப்பாட்டுப் பார்சலை எடுத்து அவிழ்க்காமல் திரும்ப வைத்தார். இன்னொருமுறை கை கழுவினார். பிறகு நிருஜாவின் மேசைக்கு வந்து நின்றார்.

"இளையது எங்க நிக்குது?"

"மட்டக்களப்பில."

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுது?"

"ரெண்டு மணிக்கு, அண்ணா. அஞ்சு பேர் ஏறுகினம்."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றாவதற்குப் பத்து நிமிடம். வாயை மூடிக்கொண்டு நின்றால் திங்கட்கிழமை அவருடையது. மணல்தான் காரணம் என்று பத்திரத்தில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. இளையதின் தடங்களுக்குள் என்ன இருக்கிறது என்பது உலகத்தில் ஒரேயொருவருக்குத்தான் தெரியும். அவள் டின்னை நினைத்துக்கொண்டாள். ஒருவருக்கு அல்ல, ஒன்றரைப் பேருக்கு.

"அண்ணா—" என்று அவள் தொடங்கினாள்.

"நாநாவைக் கூப்பிடுங்கோ," என்றார் வின்சன்ட்.

ஸைனுலாப்தீன் தொழுகைக்குப் போக ஆயத்தமாக, சட்டைக் கையை மடித்தபடி வந்தார்.

"நாநா, அது சும்மா மணல் இல்லை. தடத்துக்குள்ள நான் கிரீஸ் பூசினனான். தை மாசம். பிறகு ஒவ்வொரு முறை துடைக்கேக்குள்ளயும் திரும்பப் பூசினனான். கிரீஸிலதான் மணல் பிடிச்சது."

"புத்தகத்தில பூசச் சொல்லி இருக்கா?"

"பூசாதே எண்டு இருக்கு."

"தெரிஞ்சா பூசின?"

"ஓம். இளையதுக்கும் பூசினனான்."

தொப்பி மேசையில் அடிக்கப்படும் என்று நிருஜா காத்திருந்தாள். அவர் அடிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து மட்டக்களப்புக்கு அடித்து, விமானத்தை அசைக்க வேண்டாம், நான் வருகிறேன் என்று இரண்டு வசனம் சொன்னார். வைத்துவிட்டுத்தான் கத்தினார்.

"பதினொரு வருசம், வின்சன்ட்! என்ட கையெழுத்து அது! உன்ட கைக்கு மேல கண்ணை மூடிட்டு நான் வெச்ச கையெழுத்து! எனக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாய் இல்லாமப் போச்சா?"

"சொன்னால் விடமாட்டீங்கள், நாநா."

"விடமாட்டன்தான்! அதுக்குத்தான் நான் இஞ்ச இருக்கன்!"

தகரக் கூரையில் மணல் உரசியது. பிறகு ஸைனுலாப்தீன், "நீயும் வா," என்றார். "பூசினவன்தான் துடைக்கவும் வேணும். ஆனா முதல் இந்தப் பத்திரத்தை ஒழுங்காக்கு. நான் தொழுதிட்டு வாறன்."

அன்று மாலை மட்டக்களப்பில் அவர்கள் இளையதைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு ஃபிளாப்பும் ஒன்றாக இறங்கின, ஒன்றாக ஏறின. தடத்துக்குள் கிரீஸ் இருந்தது, கொஞ்சம் மணலும் இருந்தது. அன்று பறந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்றும் சொல்லலாம். நாலாவது இறக்கத்தில் இறுகியிருக்கும் என்றும் சொல்லலாம். இரண்டையும் நிரூபிக்க ஏலாது. சொல்லாமல் விட்டிருந்தால் தப்பியிருப்பாரா என்று நிருஜா பலநாள் யோசித்திருக்கிறாள். பிறகுதான் அவளுக்குப் பட்டது, வின்சன்ட் அன்று மணிக்கூட்டைப் பார்த்தபோது அவருக்கும் அது தெரியாது. தெரியாமலேயே சொன்னார்.

திங்கட்கிழமை கொழும்புக்காரர் வந்தார்கள். கேள்வி கேட்க அல்ல, விசாரிக்க. நிருஜா மொழிபெயர்த்தாள். தை மாதம் தான் டின்னைக் கண்டதையும், கேட்காமல் போனதையும் யாரும் கேட்காமலே இரண்டு மொழியிலும் சொன்னாள். ஹாங்கரில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். வின்சன்டை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தானாக வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்தோம் என்றார்கள். ஆனால் கையெழுத்து அனுமதியை இரண்டு வருடத்துக்கு யோசிக்க முடியாது என்று கடிதம் வந்தது. அதை அவளே அவருக்கு வாசித்துக் காட்டினாள். "இதில மட்டும் ஏனெண்டு விளக்கமா எழுதியிருக்கினம்," என்றார். சிரிக்க முயன்றார்.

அதற்குப் பிறகு இரண்டாவது கச்சானும் இப்போது வந்துவிட்டது. வின்சன்ட் காலையும் மாலையும் தடங்களைத் துடைக்கிறார். துணி ஜெயரூபியின் தையல் வெட்டுத்துண்டு. துடைத்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து ஸைனுலாப்தீனிடம் நீட்டுவார். அவரும் இப்போது கண்ணை மூடாமல் பார்க்கிறார். வாடைக் காலத்தில் துரு வராமல் இருக்க என்ன வழி என்று கேட்டு விமானம் செய்தவர்களுக்கு மூவருமாகக் கடிதம் எழுதினார்கள். உலர்ந்தபின் ஒட்டாத ஒரு பூச்சை அவர்கள் சொல்லியனுப்பினார்கள். புத்தகத்தின் அந்த வரிக்குப் பக்கத்தில் நிருஜா பென்சிலால், 'ஏனெனில் மணல் பிடிக்கும்' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். நீல மூடி டின் ஹாங்கருக்குள் வருவதில்லை. கோயில் மணிக்கு மட்டும் அது இன்னும் போகிறது.

அந்த வியாழக்கிழமை, ஸைனுலாப்தீன் தொழப்போன நேரத்தில், மேசையடியில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள். நிருஜா பழைய பத்திரத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னார் வின்சன்ட். தடத்தில் கிரீஸ் இருந்தது, அதில் மணல் பிடித்தது, இரண்டு விமானங்களிலும் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள்.

"ஆர் பூசினதெண்டு இல்லையே?"

"அது அவசியமோ அண்ணா?"

"பேயே வந்து பூசினது? எழுதுங்கோ. முழுப்பேரையும் எழுதுங்கோ."

எழுதினாள். அவர் பேனையை வாங்கி, பெயருக்குக் கீழே மெதுவாகத் தமிழில் கையெழுத்து வைத்தார். பதினொரு வருடக் கோப்புகளில் அவருடைய முதலாவது கையெழுத்து. மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் கண்டனான், அண்ணா. தை மாசம். கேட்டிருக்க வேணும்."

"நீங்கள் கண்டனீங்கள். பூசினது நான்." அவர் பேனையை மூடினார். "தங்கச்சி, அப்பான்ர வள்ளக்கதை சொன்னனான் எல்லோ. ஒரு துண்டை விட்டிட்டுத்தான் சொன்னனான். வள்ளம் கவிழுறதுக்கு முதல்நாள் பின்னேரம் அப்பா என்னட்டத்தான் டின்னைத் தந்தவர். எஞ்சின் ஊசிக்குக் கிரீஸ் பூசிவிடு எண்டு. எனக்குப் பத்தொன்பது வயசு. பந்தடிக்கப் போயிட்டன். வந்து, பூசினனான் எண்டு சொன்னனான்."

வெளியே, மட்டக்களப்புக்குப் போக ஸைனுலாப்தீன் கொண்டுவந்த வாகனம் நிற்கும் சத்தம் கேட்டது. வின்சன்ட் எழுந்தார். வாசலுக்குப் போய், திரும்பி வந்தார்.

"என்ன செய்தனான் எண்டு இதில இருக்கு. ஏன் செய்தனான் எண்டு இல்லை. அதுக்கு இந்தப் பத்திரத்தில இடமில்லை எண்டும் தெரியும். நீங்கள் எழுதத் தெரிஞ்ச பிள்ளை. வேற எங்கையாவது, அவசரமில்லாமல் ஆறுதலா, அதையும் ஒருக்கா எழுதி வையுங்கோ."